ஒண்ணுமில்லண்ணன்

சிவப்புப் பொத்தானை அழுத்தியது அவன்தான். அதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்கள் ஓடிவந்து பார்த்தபோதும் அவன் கை அதன் மேலேயேதான் இருந்தது.

பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பு என்றால் வீட்டு அடுப்பைப் போல நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு சுரங்கம். நீளம் அறுபது மீட்டர். ஒரு வாயில் பச்சை மாவு வட்டம் வட்டமாக உள்ளே போகும். இரும்புப் பட்டையின் மேல் ஊர்ந்து ஊர்ந்து ஏழு நிமிடத்தில் மறுவாயில் பிஸ்கட்டாக வெளியே வரும். பட்டை ஓடும்வரை எல்லாம் சுகம். நின்றுவிட்டால் உள்ளே இருப்பவை இருந்த இடத்திலேயே கிடந்து வேகும். அதனால், யாருடைய கையாவது சிக்கிக்கொண்டால் மட்டுமே பொத்தானை அழுத்த வேண்டும் என்று அதற்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்று யாருடைய கையும் சிக்கவில்லை. அவன் நெஞ்சுதான் எதிலோ சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்கென்று தனிப் பொத்தான் எதுவும் வைத்திருக்கவில்லை.

அவன் வேலை அடுப்பின் வெளிவாயில் நிற்பது. கையில் ஒரு நிற அட்டை இருக்கும். வெளிறிய பழுப்பிலிருந்து அடர்ந்த பழுப்பு வரை அதில் ஐந்து கட்டங்கள். வெளியே வரும் பிஸ்கட் மூன்றாம் கட்டத்தின் நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக மூன்றாம் நிறத்தைப் பார்த்தே குடும்பம் நடத்தியவன். அன்று பட்டையை மறுபடி ஓடவிட்டபோது, புகையோடு புகையாக வெளியே வந்த சில ஆயிரம் பிஸ்கட்டுகள் அட்டையிலேயே இல்லாத ஆறாம் நிறத்தில் இருந்தன.

அதற்குள் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பாக்கிங் பகுதியிலிருந்து பெண்கள் சுற்றிக் கூடினார்கள்.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு?"

"செத்துக்கிட்டிருக்கேன்" என்றான், மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல.

"எங்கண்ணே வலிக்குது?"

"வலியெல்லாம் பெருசா இல்ல. செத்துக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

விளையாட்டில்லை. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. தொண்டையில் யாரோ துணியைத் திணித்த மாதிரி. பேசுகிறவர்களின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. தன் கையே தன்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது. இன்னும் ஒரு நிமிடந்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. போன முறையும் அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முந்தின முறையும்.

மருத்துவமனையில் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களை எல்லாம் பிய்த்தெடுத்த பிறகு, பணியிலிருந்த இளம் டாக்டர் காகிதச்சுருளை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார்:

"ஒண்ணுமில்லைங்க."

வேறு யாராக இருந்தாலும் இந்த வார்த்தையைக் கேட்டு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இவனுக்கு மறுபடி வேர்த்தது. ஏனென்றால் அது இவனுடைய வார்த்தை.

தொழிற்சாலையில் அவனுக்குப் பெயரே 'ஒண்ணுமில்லண்ணன்'. எந்திரம் மக்கர் பண்ணினாலும், ஒருத்தியின் விரல் வெட்டுப்பட்டாலும், இன்னொருத்தியின் புருஷன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாலும், "ஒண்ணுமில்ல, விடு" என்பான். சொல்கிற விதத்தில் பாதிப் பிரச்சினை நிஜமாகவே ஒன்றுமில்லாமல் போய்விடும். மனக்கஷ்டத்துக்கு மருந்து வாங்குகிற மாதிரி அவனிடம் வந்து அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். ஓசியில் கொடுக்கிற மருந்து, பக்கவிளைவு கிடையாது என்று நினைத்திருந்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சரிந்திருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவனைவிட ஆறு வயது மூத்தவர். இரண்டு தெரு தள்ளி வீடு.

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா. கைகூட கொஞ்சம் மரத்துப்போகுது."

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியுது."

அண்ணன் சிரித்தார். இவன் என்ன சொன்னாலும் சிரிப்பார். சின்ன வயதிலிருந்தே இவனுடைய முதல் ரசிகர் அவர்தான்.

"இல்லடா, வேர்க்குது."

"ஒண்ணுமில்லண்ணா. வாயுவா இருக்கும். கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்."

"அப்படிங்கிற?"

"அப்படித்தான்."

அண்ணன் படுத்தார். நாலரை மணிக்கு அண்ணி எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை.

அந்தப் பேச்சின் நீளம் ஐம்பத்திரண்டு விநாடி. போனில் இன்னும் இருந்தது. அதை அழிக்கவும் கை வரவில்லை, வைத்துக்கொண்டு பார்க்கவும் முடியவில்லை.

போன் வந்த விஷயம் அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் அதை மறைத்துவிட்டு, சும்மா பொதுவாகக் கேட்பதுபோல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்: "அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பாரா?" மாமனார் "எழுதினது அவ்வளவுதான் மாப்ளே" என்றார். மருந்துக்கடைக்காரர் "அது ஆளைப் பொறுத்தது சார்" என்று சொல்லிவிட்டுச் சத்து மாத்திரை ஒன்றை விற்றார். சித்தப்பா "கஷ்டப்படாம படுத்தபடியே போனான், கொடுத்துவச்சவன்" என்றார். மனைவி மட்டும் "அதை ஏங்க இப்ப?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பிழைத்திருப்பார் என்றும் யாரும் சொல்லவில்லை, பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள், அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரோடு பேசிய அண்ணி. அவளிடம் கேட்கவில்லை. அந்த ஐம்பத்திரண்டு விநாடி அவளுக்குத் தெரியுமா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. முதல் மாதம் மனைவியோடு சேர்ந்து அண்ணி வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தான். பிறகு அதுவும் நின்றது. பால் வாங்கப் போனால்கூட அந்தத் தெருவை விட்டு நாலு தெரு சுற்றிப் போனான். பாலே பாதி வழியில் தயிராகிவிடும் என்று மனைவி சொன்னாள்.

மூன்றாம் மாதம், பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது முதல் தடவை நெஞ்சு அப்படி அடித்தது. அதோடு வாழ்க்கை மாறிப்போனது. பேருந்தில் கதவோரம் மட்டுமே உட்கார்ந்தான். பிறகு பேருந்தையே விட்டான். லிப்டில் ஏறுவதில்லை, மாடிப்படி ஏறினால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்று அதையும் விட்டான். ஆக, தரைத்தளத்துக்கு மட்டுமே உரிய மனிதனானான். நாளைக்கு முப்பது தடவை மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தான். வைத்தியரும் அவனே, நோயாளியும் அவனே. ஊரில் எந்த மருத்துவமனைக்கு அவசர வாசல் எந்தப் பக்கம் என்பதை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான். தூக்கத்தை மட்டும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அது வரும் நேரம் பார்த்து, படுத்தால் எழுந்திருப்போமா என்ற யோசனையும் கூடவே வந்தது.

அடுப்பை நிறுத்திய மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். இவனைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனிதர், அதனால் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு."

"ஆமா தம்பி."

"ஒண்ணுமில்லன்னா ஏன் நிறுத்தினீங்கன்னு மேல கேக்குறாங்க. ஏதாவது இருந்தா அடுப்புக்கிட்ட நிக்க விடக் கூடாதுங்கிறாங்க. நான் எதைண்ணே எழுதட்டும்?"

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது கட்டம் இருக்கா பாருங்க."

சூப்பர்வைசர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒரு வாரம் லீவு போடுங்க. என்னன்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் சமாளிக்கிறேன்."

எழுதித் தருகிற டாக்டர் யார் என்பதை அந்த இளம் டாக்டர் ஏற்கெனவே ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தார். மனநலப் பிரிவு, அறை எண் பதினாலு. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துவைத்திருந்தான். துவைக்கப் போட்ட சட்டையில் ஒளித்துவைக்கிற புத்திசாலி அவன். மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இது என்ன?"

"யாருக்கோ எழுதினது. மாறி வந்துடுச்சு."

"உங்க பேர் போட்டிருக்கு."

"நான் என்ன பைத்தியமா?"

"அப்படி யாரும் எழுதலையே. பதினாலாம் நம்பர் ரூம்னுதான் எழுதியிருக்கு." சீட்டை மேசையில் விரித்துக் காயவைத்தாள். "தினம் நான் எழுந்ததும் முதல்ல உங்க மூக்குல கைவச்சு மூச்சு வருதான்னு பார்க்கிறேன். தெரியுமா உங்களுக்கு? எனக்கும் பயமா இருக்குங்க. போயிட்டு வாங்க."

அவனுக்குத் தெரியாது. ஈரம் காயாத சீட்டை எடுத்து மடித்தான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

பதினாலாம் அறை தரைத்தளத்தில் இருந்தது. அதற்காகவே அந்த மருத்துவமனையின் மீது அவனுக்கு மரியாதை வந்தது. டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஜலதோஷம். நடுநடுவே மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னதை எல்லாம் எழுதினார். அவன் நாலைந்து நகைச்சுவைகளை எடுத்துவிட்டுப் பார்த்தான். அவற்றையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ, சிரிக்கவில்லை.

"டாக்டர், நீங்களும் ஒண்ணுமில்லன்னுதானே சொல்லப்போறீங்க?"

"இல்லையே. உங்களுக்கு இருக்கு."

அவன் நிமிர்ந்தான்.

"இதயத்துல இல்ல. அதை மூணு தடவை பார்த்தாச்சு, நல்லா இருக்கு. ஆனா இருக்கு. பயம் வந்தா உடம்பு ஓடுறதுக்குத் தயாராகும். நெஞ்சு வேகமா அடிக்கும், மூச்சு வேகமா வாங்கும். மூச்சு கூடிப்போனா விரல் மரத்துப்போகும், தலை லேசாகும், சுத்தி இருக்கிறதெல்லாம் பொய் மாதிரி தெரியும். இதெல்லாம் நிஜமா நடக்கிறதுதான். நீங்க நடிக்கல, கற்பனையும் பண்ணல. தப்பிச்சு ஓடுறதுக்குத்தான் எதிர்ல எதுவும் இல்ல. பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போயிட்டுத் தானா இறங்கும். இதைப் பானிக் அட்டாக்னு சொல்வோம். இது மறுபடி வந்துடுமோன்னு பயந்து பயந்தே ஒவ்வொரு இடமா விட்டுக்கிட்டு வந்தீங்க பாருங்க, அதோட சேர்த்தா அது ஒரு நோய். பதற்ற நோய். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு, குணமாகும்."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் 'இருக்கு' என்று சொல்கிறார். நோய் இருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு மனிதனுக்குக் கண் கலங்கினால் அவனை என்ன சொல்வது? கர்ச்சீப்பைத் தேடினான். டாக்டர் தன்னுடைய டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார்.

"எங்க லைன்லயும் ஒண்ணு இருக்கு டாக்டர்" என்றான், மூக்கைச் சிந்திவிட்டு. "மெட்டல் டிடெக்டர். பிஸ்கட் பாக்கெட்ல இரும்பு ஏதாவது இருந்தா கத்தும், அந்த பாக்கெட்டை வெளியே தள்ளிவிடும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பாக்கெட்ல நிஜமாவே ஊக்கு இருந்துச்சு, அது கத்தல. பெரிய ரகளை ஆயிடுச்சு. அந்த பயத்துல ஆபீஸ்ல அதோட உணர்திறனைக் கூட்டிவச்சாங்க. அப்புறம் அது எல்லாத்துக்கும் கத்த ஆரம்பிச்சுது. காகிதம் மினுங்கினா கத்தும். ஒரு வாரம் நல்ல பாக்கெட்டெல்லாம் குப்பைக்குப் போச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உங்க வீட்ல எந்த ஊக்குக்கு மெஷின் கத்தாம விட்டுச்சு?"

அப்புறந்தான் அண்ணனைப் பற்றிச் சொன்னான். ஐம்பத்திரண்டு விநாடியையும் சொன்னான், தான் அடித்த ஜோக்கையும் சொன்னான். இந்தத் தடவை நடுவில் எதையும் சேர்க்கவில்லை. முடித்துவிட்டுத் தன் பழைய கேள்வியைக் கேட்டான்.

"தெரியாது" என்றார் டாக்டர். "நான் அவரைப் பார்க்கல. பார்க்காம சொன்னா அது நீங்க சொன்ன வாயு மாதிரிதான்."

அவன் சுருங்கிப்போனான். ஆனால் கோபம் வரவில்லை. டாக்டர் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினார்: நோயின் பெயர், சிகிச்சை நடக்கிறது, இரண்டு மாதம் அடுப்பருகே வேண்டாம், பிறகு பார்க்கலாம். மாத்திரை எழுதினார். மூச்சை மெதுவாக வெளியே விடக் கற்றுக்கொடுத்தார். "புதுசா வேற மாதிரி வலி ஏதாவது வந்தா வந்து காட்டுங்க. என்னன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க" என்றார். கடைசியாக, பயந்து விட்டுவிட்ட இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னார். சுலபமானது மேலே, கஷ்டமானது கீழே.

மேலே படிக்கட்டு. அப்புறம் பேருந்து, லிப்ட், மேம்பாலம், சினிமா தியேட்டர். கடைசி வரியை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்திருந்தான். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"அண்ணி வீட்ல லிப்ட் இருக்கா?"

"இல்ல டாக்டர். ஒத்தை மாடிகூட கிடையாது."

"சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "மேல இருந்து வாங்க. அவசரமில்ல."

ஒன்பது வாரம் ஆனது. அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதியில் போட்டார்கள். பாக்கிங் பெண்கள், பெட்டியையாவது நிறுத்தாமல் மடிக்கச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். படிக்கட்டு ஏறினான். பேருந்தில் நடுவில் உட்கார்ந்தான். லிப்டில் ஐந்தாம் மாடிக்குப் போனபோது நெஞ்சு வழக்கம்போல் தாவியது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இறங்கும், இறங்கும் என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர், லிப்ட் மேலே போகிறது என்று திருத்தினார். தியேட்டரில் பாதிப் படம் பார்த்தான். படம் அவ்வளவுதான் பார்க்கிற மாதிரி இருந்தது என்று மனைவி சொன்னாள். கடைசியில் தாளில் ஒரு வரிதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குள் நடந்தான். அண்ணி கதவைத் திறந்தாள். கையில் ஈரத்துணி, புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. ஒரு கணம் பார்த்தாள்.

"வாங்க தம்பி. பார்த்து, தரையெல்லாம் தண்ணி. பிரிட்ஜை அணைச்சுப் போட்டிருக்கேன், ஐஸ் மலையா ஏறிப்போச்சு."

காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. ஒரு வாளியையும் துணியையும் அவன் பக்கம் தள்ளினாள். அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கசிந்து வருகிற தண்ணீரை ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தான். அண்ணி ஒரு மரக்கரண்டியால் ஐஸை நெம்பினாள். மகன் வெளியூரில் படிக்கிறவன், பரீட்சை எழுதிவிட்டான் என்றாள். கண்ணாடிக்கடையில் தனக்கு வேலை நேரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்றாள். அண்ணனின் செருப்பு கதவோரம் அப்படியே இருந்ததை அவன் வரும்போதே பார்த்துவிட்டான்.

"ஐஸை வித்திருந்தாலே வீடு கட்டியிருக்கலாம் அண்ணி" என்றான்.

"இப்ப வேணாம் தம்பி" என்றாள் அவள், திரும்பாமலே. "எதுக்கு வந்தீங்களோ அதைச் சொல்லுங்க."

ஒரு பெரிய பாளம் பெயர்ந்து தொட்டியில் விழுந்தது.

"அன்னைக்கு அண்ணன் எனக்கு போன் பண்ணினாரு அண்ணி."

"தெரியும். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

விரல் நுனியில் மரத்துப்போக ஆரம்பித்தது. அது அங்கிருந்து மேலே ஏறும் வழி அவனுக்கு இப்போது மனப்பாடம். நெஞ்சு அடித்தது, தொண்டை அடைத்தது, அண்ணியின் குரல் தூரமாகப் போனது. துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விட்டான். மறுபடி விட்டான். வாசலைப் பார்க்கவில்லை.

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "என்ன தம்பி பண்ணுது?"

"பயமா இருக்கு அண்ணி" என்றான்.

அவள் கரண்டியைத் திரும்ப எடுக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது; ஏழெட்டு நிமிடந்தான் இருக்கும். தூரமாகப் போயிருந்த சமையலறை மெல்ல மெல்ல அவன் பக்கத்துக்குத் திரும்பி வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அண்ணி. ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. அப்பவே கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தேன்னா அண்ணன் பொழைச்சிருப்பாரா?"

அண்ணி தன் மடியில் கிடந்த துணியைப் பார்த்தாள். அதைப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்த டாக்டரை ஓரமாக் கூப்பிட்டு நானும் இதையேதான் கேட்டேன். இப்ப எதுக்கும்மா அதெல்லாம்னாரு. நான் விடல. ரெண்டு மணிக்கே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாரு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல, பையன்கிட்டகூட." அவனை நேராகப் பார்த்தாள். "பொழைச்சிருப்பாரு தம்பி. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருந்தா போயிருப்பாரு, உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு. நான் வண்டியைக் கூப்பிடட்டுமான்னுதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னதைக் கேட்டதும் எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. அவர் தூங்கட்டும்னு ஜன்னலை மூடி, கதவைச் சாத்திட்டு வந்தது நான்."